மூன்று முறை சொன்னால்தான் வருவான்

அன்புக்கும் அதைவிடச் சற்று அதிகமாகப் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

உன் தம்பி வணங்கி எழுதுவது. இங்கே நானும் என் மனைவியும் நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அதன் காரணம் கீழே வருகிறது. உன்னையும் மாமாவையும் முந்தாநாள்தான் போனில் விசாரித்தேன், அதற்குள் எதுவும் கெட்டுப்போயிருக்காது என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் நீ நடுவில் புகுந்து பேசுவாய், அது ஒன்று. முப்பத்தோரு வருஷம் ரயில் நிலைய ஒலிபெருக்கியில் பிசிறில்லாமல் பேசிய என் குரல் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லப் போனால் பாதியில் நின்றுவிடுகிறது, அது இன்னொன்று. ஆகவே முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஜமீன் தோற்றுவிட்டான். வருகிற ஞாயிற்றுக்கிழமை மாமாவை வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொல். நாயை உன் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன்.

உனக்குப் பாதி தெரிந்த கதைதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே ஒழுங்காக வராது. நான் ஓய்வு பெற்ற அதே மாதம் என் மகள் வேலை கிடைத்து வெளியூர் போனாள். போகும்போது, தெருவில் கண்டெடுத்து வளர்த்த இந்த நாயை, "ரெண்டே மாசம்பா, ரூம் கிடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று என் காலடியில் விட்டுவிட்டுப் போனாள். ரெண்டு மாசம் இப்போது பதினோரு மாசமாக நடந்துகொண்டிருக்கிறது. ஒரு காது நிமிர்ந்தும் மறு காது மடிந்தும் இருக்கும், உடம்பு ஒரு நாயுடையது, வால் வேறொரு நாயுடையது. சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, வருகிறவர் போகிறவரைப் பாதிக் கண்ணால் பார்க்கும் தோரணையைக் கண்டு என் மனைவிதான் ஜமீன் என்று பெயர் வைத்தாள். முதல் வாரம் நானும் அவனும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் ஒரு நாள், கை சும்மா இருக்கவில்லை என்பார்களே, எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. பழக்க தோஷத்தில் பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தேன். ஜமீன் எழுந்து வந்து எதிரில் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து, கடைசி வரை கேட்டான். அக்கா, ஓய்வு பெற்ற பிறகு நான் பேசினதை முழுசாகக் கேட்ட ஒரே ஜீவன் அவன்தான். உன்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதிலிருந்து அவனுக்கு எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். உட்காரவும், எழவும், சாப்பிடவும், சோபாவிலிருந்து இறங்கவும். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு சாயங்காலம் எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். கீழே மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறாரே, அவர்தான். யாரையும் நோகடிக்கத் தெரியாத மனிதர், நாற்காலியில்கூட அதற்கு வலிக்கும் என்பதுபோல நுனியில்தான் உட்காருவார்.

"சார், தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்களுக்குக் கீழ் வீட்டுல நர்ஸம்மா இருக்காங்க இல்ல, ராத்திரி வேலை முடிச்சுக் காலையில வந்து தூங்கறவங்க. மூணாவது மாடியிலேருந்து ஒரே சத்தம், தூங்கவே முடியலைன்னு..."

"புரிஞ்சுபோச்சு" என்றேன்.

"இல்ல சார், அது என்னன்னா..."

"வேண்டாம், சொல்லாதீங்க. புரிஞ்சுபோச்சு. நல்லாவே புரிஞ்சுபோச்சு."

நாய் இருக்கிற வீட்டில் வேறென்ன சத்தம் வரப்போகிறது? ஜமீன் குரைத்து நான் கேட்டதில்லைதான். நான் காய்கறி வாங்கப் போகிற நேரமாகப் பார்த்துக் குரைக்கிறான் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். மனிதர் மறுபடி வாயைத் திறந்தார். நான் விடவில்லை. அன்று காலைதான் பேப்பரில் பார்த்திருந்தேன், நாய்களுக்குக் கீழ்ப்படிதல் போட்டி நடக்கிறது, முதல் நிலையில் தேறினால் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று. எழுந்து நின்று சொன்னேன்: "இன்னும் மூணு மாசத்துல இந்த நாய்க்குச் சான்றிதழ் வாங்கி உங்க கையில கொடுக்கறேன். வாங்கலைன்னா இந்த நாய் இந்தக் கட்டடத்துலயே இருக்காது. இது என் வார்த்தை." அவர் என்னைப் பார்த்தார், நாயைப் பார்த்தார், டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். "தோத்துட்டா இங்க கொண்டாந்து விடு, வீட்டைச் சுத்தி இவ்வளவு இடம் கிடக்கு" என்று நீ சொன்னாய். நீ சொன்னது எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது, ஆனாலும் போனை வைத்ததும் ஜமீனுக்கு ஒரு பிஸ்கட் கூடுதலாகக் கொடுத்தேன்.

மறுநாளே பதிவு செய்யப் போனேன். படிவத்தில் 'இனம்' என்று ஒரு கட்டம். அங்கே பேனா நின்றுவிட்டது. எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக், அவர் தன் நாயின் தாத்தா பெயர் வரைக்கும் தாள் வைத்திருந்தார். எங்கள் ஜமீனுக்கு அப்பா யாரென்றே தெரியாது. எழுத்தர் பெண்ணிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கலப்புன்னு போடுங்க சார். எந்த இனமா இருந்தாலும் சேரலாம். நாங்க பாக்கறது சொன்ன பேச்சைக் கேக்குதான்னு மட்டும்தான்" என்றாள். எனக்கு அவளைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது. 'கலப்பு' என்று போட்டு, பக்கத்தில் 'நல்ல குணம்' என்றும் எழுதிவிட்டு வந்தேன்.

பயிற்சி சனிக்கிழமை தோறும் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். சொல்லிக்கொடுப்பவர் பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கும் ஒரு பெண்மணி, எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாய் இடது காலோடு ஒட்டி நடக்க வேண்டும், நாம் நின்றால் அது தானாக உட்கார வேண்டும், யாரோ ஒருவர் வந்து தொட்டுப் பார்த்தால் அசையாமல் நிற்க வேண்டும், மற்ற நாய்களோடு வரிசையில் உட்காரவோ படுக்கவோ சொன்னால் எழுந்திருக்காமல் இருக்க வேண்டும், தூரத்தில் உட்கார வைத்துவிட்டுக் கூப்பிட்டால் நேராக ஓடி வந்து நம் முன்னால் உட்கார வேண்டும். இவ்வளவுதான் முதல் நிலை. கேட்க லேசாக இருக்கிறது இல்லையா? படுக்கச் சொல்லிக்கொடுக்கும் வாரத்தில், ஜமீனுக்கு எப்படியும் விளங்கவில்லை என்று நானே புல்தரையில் படுத்துக் காட்டினேன். அவன் மிகவும் மகிழ்ந்துபோய் என் முதுகின்மேல் ஏறிப் படுத்துக்கொண்டான். லிஃப்ட் மெக்கானிக்கும் இன்னொருவரும் சேர்ந்துதான் என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். முழங்கால் அன்றைக்குப் போனது.

ஆனால் முழங்கால் ஒரு பிரச்சினையே இல்லை. பிரச்சினை என் வாய். முதல் வகுப்பிலேயே டீச்சர் சொன்னார்: "சார், போட்டியில எதையும் ஒரே தடவைதான் சொல்லணும். ரெண்டாவது தடவை சொன்னா மார்க் போயிடும். வா-ன்னு கூப்பிடறதை ரெண்டு தடவை சொன்னா அதுக்கு மார்க்கே கிடையாது, சுழிதான்." நான் அவருக்குப் பொறுமையாக விளக்கினேன். முதல் தடவை சொல்லும்போது ஏதோ சொல்கிறார்கள் என்று மட்டும்தான் பயணிக்குத் தெரியும். இரண்டாம் தடவை மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வண்டி எண்ணைக் கேட்பார். மூன்றாம் தடவைதான் நடைமேடை எண் மனதில் ஏறும். ஒரே தடவை சொல்லியிருந்தால் பாதி ஊர் வண்டியைத் தவற விட்டிருக்கும். டீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவன் எந்த ஊருக்கும் போகலையே சார்" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் வீட்டில் ஜமீனுக்கு "உட்கார், உட்கார், உட்கார்" என்று சொல்லிச் சொல்லி, மூன்றாவதற்கு அப்புறம்தான் பிஸ்கட் கொடுத்து வந்திருக்கிறேன். அவன் முதல் இரண்டையும் முன்னுரையாக எடுத்துக்கொண்டுவிட்டான். முதல் 'உட்கார்' கேட்டால் என்னைப் பார்ப்பான். இரண்டாவதுக்கு வாலை ஆட்டுவான். மூன்றாவதுக்கு, பூட்டைத் திருகியது போல, டக்கென்று உட்காருவான். ஒரு நாளும் இரண்டில் உட்கார்ந்ததில்லை, நான்குக்கு விட்டதுமில்லை. "நீங்க உட்காரச் சொல்லித் தரல சார், எண்ணச் சொல்லித் தந்திருக்கீங்க" என்றார் டீச்சர். இத்தனைக்கும் என் மனைவி சமையலறை வாசலில் நின்று, திரும்பிக்கூடப் பார்க்காமல், "தள்ளு" என்று ஒரே ஒரு தடவை சொல்வாள், ஜமீன் பெட்டிப் பாம்பாக நகர்ந்துவிடுவான். அப்படியென்றால் போட்டியில் நீயே இறங்கேன் என்று அவளைக் கெஞ்சினேன். "வாக்குக் கொடுத்தது நீங்க. நடக்க வேண்டியதும் நீங்கதான்" என்று சொல்லிவிட்டாள்.

மூன்று மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே! 'உட்கார்' என்று சொன்னதும் வாயில் ஒரு பெப்பர்மிண்டைப் போட்டு அடைத்துக்கொண்டேன். ஜமீன் பெப்பர்மிண்டைப் பார்த்து எழுந்து நின்றான். உதட்டைக் கடித்துப் பார்த்தேன், புண்ணானதுதான் மிச்சம். கடைசியில் எப்படியோ குரலை ஒரு தடவையோடு அடக்கிவிட்டேன். ஆனால் மற்ற இரண்டையும் உதடு தானாகவே சொல்லிக்கொண்டது, சத்தமில்லாமல். ஜமீன் என்ன செய்தான் தெரியுமா? உதட்டை எண்ணினான்! சத்தம் ஒன்று, உதடு இரண்டு, ஆக மூன்று என்று கணக்குப் பார்த்து டக்கென்று உட்கார்ந்தான். எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. போட்டிக்கு முந்தின நாள் மீசையைக்கூடக் கத்தரித்துக்கொண்டேன், அவனுக்கு உதடு நன்றாகத் தெரியட்டும் என்று. இவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள், ஆனால் சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

போட்டியன்று காலையில் என் பைகளைச் சோதனை போட்டு ஆறு பிஸ்கட்டைப் பறிமுதல் செய்ததும் அவள்தான், களத்துக்குள் தின்பண்டம் கொண்டுபோகக் கூடாதாம். நடுவர் ஒரு கால்நடை மருத்துவர், சிரிப்பை வீட்டில் வைத்துவிட்டு வந்த முகம். "நடங்க" என்றார். "என்ன சொன்னீங்க?" என்றேன். முப்பத்தோரு வருஷம் நான் சொல்லித்தான் எல்லாரும் நடந்திருக்கிறார்கள், ஒருவர் சொல்லி நான் நடப்பது அதுதான் முதல் தடவை. ஆனால் ஜமீன் இருக்கிறானே, அக்கா, நீ பார்த்திருக்க வேண்டும். வேகமாகப் போனால் வேகம், மெல்லப் போனால் மெல்ல, திரும்பினால் திரும்பினான். நின்றால் உட்கார்ந்தான். நடுவர் வந்து தலை, முதுகு, பின்பக்கம் எல்லாம் தொட்டுப் பார்த்தபோது சிலை மாதிரி நின்றான், போகும்போது மட்டும் அவர் மணிக்கட்டை ஒரே ஒரு தடவை நக்கினான். மற்ற நாய்களோடு வரிசையில் உட்கார்ந்திருக்க வேண்டிய கட்டத்தில், தாத்தா பெயர் தெரிந்த அந்த மெக்கானிக்கின் நாய் எழுந்து ஓடிப்போய் நடுவரின் தொப்பியைக் கவ்வியது. எங்கள் ஜமீன் அசையவில்லை. இவள் வேலிக்கு வெளியே நாற்காலியில் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது கூப்பிடுவது ஒன்றுதான். ஜமீனை ஒரு முனையில் உட்கார வைத்துவிட்டு நான் மறுமுனைக்குப் போனேன். நாற்பது அடி இருக்கும். திரும்பி நின்றேன். நடுவர் தலையை அசைத்தார். "வா" என்றேன். அருமையான 'வா', அந்த மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும். அதோடு உதடும் தன் வேலையைச் செய்தது. ஆனால் அக்கா, பத்தடியில் நின்று கூப்பிட்டுத்தான் பழகியிருந்தோம், நாற்பது அடியில் உதடு எப்படித் தெரியும்? வெயில் வேறு எனக்குப் பின்னாலிருந்து அவன் கண்ணில் அடித்தது. ஜமீன் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காதைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தான். ஒன்று ஆயிற்று, இன்னும் இரண்டு வரும் என்று காத்திருந்தான். அவனுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. நான் சொல்வேன் என்று அவனுக்குத் தெரியும். ஒரு நாளும் நான் சொல்லாமல் விட்டதில்லையே. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. நடுவர் நெடுநேரம் பொறுத்திருந்துவிட்டு, மெல்லப் பக்கத்தில் வந்து, "மார்க் போயிடுச்சு சார். பரவால்ல, கூப்பிடுங்க, பாவம் காத்துக்கிட்டிருக்கு" என்றார். "வா, வா" என்றேன், குரலே எழவில்லை. அம்பு மாதிரி வந்தான். வந்து, நேர்கோடு போட்டது போல என் முன்னால் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கிப் பார்த்தான், எப்படி, சரியாகச் செய்தேனா என்று. எல்லாரும் கை தட்டினார்கள். கூப்பிட்டதற்குச் சுழி. ஒன்றில் சுழி வாங்கினால் மற்றதில் எவ்வளவு வாங்கினாலும் சான்றிதழ் கிடையாது.

நடுவர் கையெழுத்துப் போட்டு மதிப்பெண் தாளைக் கொடுக்கும்போது சொன்னார்: "உங்க நாய் ஒரு தப்பும் பண்ணல சார். நீங்க சொல்லிக்கொடுத்ததை அப்படியே செஞ்சிருக்கு." அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. தப்பு என்னுடையது, வீட்டை விட்டுப் போகப்போவது அவன். வரும் வழியெல்லாம் ஆட்டோவில் ஜமீன் என் கெட்ட முழங்காலின் மேல் தலையை வைத்துக்கொண்டு தூங்கினான். "ஆறு மாசம் கழிச்சு இன்னொரு போட்டி இருக்காம்" என்றாள் இவள். மூன்று மாதம் என்று சொன்ன வாய் இது. வண்டி வராது என்று தெரிந்த பிறகும் வரும் என்று நான் ஒரு நாளும் அறிவித்ததில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாமா வரட்டும். சில விஷயம் மட்டும் குறித்துக்கொள். தட்டில் சாப்பாடு வைத்துவிட்டு 'சாப்பிடு' என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். ஒரு தடவை சொல்லிவிட்டு நீ பாட்டுக்கு டிவி பார்க்கப் போய்விட்டால் அவன் பசியோடு தட்டின் முன்னால் உட்கார்ந்திருப்பான், கேட்கமாட்டான், அவனுக்குக் கேட்கத் தெரியாது. மடிந்த காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும், நிமிர்ந்த காதைத் தொட்டால் பிடிக்காது. காலையில் பேப்பர் வந்ததும் எதிரில் வந்து உட்காருவான், மாமாவை நாலு வரியாவது உரக்கப் படிக்கச் சொல். எதுவாக இருந்தாலும் சரி, வானிலை அறிக்கை போதும். என் மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. நானே சொல்கிறேன், எப்போது என்று தெரியவில்லை.

மாமாவுக்கு என் வணக்கம். உன் பேரப்பிள்ளைகளுக்கு எங்கள் ஆசிகள், அவர்கள் ஜமீனின் வாலைப் பிடித்து இழுக்காமல் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் ஆசிகள். இவள் உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். சிறியவனான எனக்கு உன் ஆசீர்வாதம் எப்போதும் வேண்டும், இந்த வாரம் சற்று அவசரமாக வேண்டும்.

இப்படிக்கு,
வார்த்தை தவறாத
உன் தம்பி

பி.கு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், முறைப்படி தெரிவித்துவிடலாம் என்று செயலாளரின் கடைக்குப் போனேன். அவர் ஒரு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "சான்றிதழ் கிடைக்கல. ஞாயித்துக்கிழமை நாய் போயிடும்" என்றேன். கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார். "ஐயய்யோ, நாயை எதுக்கு சார் அனுப்பறீங்க?" என்றார். "சத்தம்னு நீங்கதானே வந்து சொன்னீங்க?" என்றேன். மனிதர் தரையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்: "நாய் குரைச்சு நாங்க யாருமே கேட்டதில்ல சார். சத்தம் உங்களுதுதான். நர்ஸம்மா கண்ணை மூடினா மேல உட்கார், உட்கார், உட்கார்னு கேக்குதாம். ஒரு நாள் மூணாவது 'உட்கார்'ல அவங்களே தூக்கத்துல எழுந்து உட்கார்ந்துட்டாங்களாம். அதைத்தான் அன்னிக்குச் சொல்ல வந்தேன், நீங்க விடல." வீட்டுக்கு வந்து இவளிடம் சொன்னேன். "அன்னிக்கு அவர் போனதுமே சொன்னேனே, உங்க சத்தம்தாங்கன்னு" என்றாள். எப்போது சொன்னாய், எனக்குக் கேட்கவே இல்லையே என்றேன். "ஒரு தடவைதான் சொன்னேன்" என்றாள்.

ஆகவே அக்கா, மேலே எழுதியது எதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே. மாமா வண்டியைக் கிளப்ப வேண்டாம். இந்த வீட்டிலிருந்து யாரையாவது கூட்டிக்கொண்டு போயே ஆக வேண்டும் என்றால் நியாயப்படி என்னைத்தான் கூட்டிக்கொண்டு போக வேண்டும், உன் வீட்டுக்குத்தான் கீழ் வீடு கிடையாதே. ஜமீனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். நர்ஸம்மா தூங்குகிற நேரம் என்பதால் மெதுவாக, "நீ எங்கயும் போகல" என்று ஒரே தடவை சொன்னேன். அவன் தலையைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கெட்ட முழங்காலை மடக்கிக் கீழே உட்கார்ந்து, மிச்சம் இரண்டையும் அவன் காதோரம் சொன்னேன்.